ஒன்பதாம் கோட்டில் ஒரு பிஸ்கட் டின்

மலர்விழி அக்கா இறந்துபோன செய்தி, மலர்விழி அக்காவின் எண்ணிலிருந்துதான் எனக்கு வந்தது.

பாடாங் செராயில் கணக்கு டியூஷன் முடிந்து, அப்பாவின் காருக்காகக் கடை வாசலில் நின்றிருந்தேன். வாட்ஸ்அப் ஒலித்தது. "மலர்விழி இன்று காலை நம்மை விட்டுப் பிரிந்தார். இறுதிச் சடங்கு நாளை, பாக்கார் ஆராங் வீட்டில்." மேலே அக்காவின் படம்: தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நாக்கை நீட்டிய சிரிப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "நல்ல முயற்சி அக்கா. நான் ஏமாற மாட்டேன்" என்று பதில் போட்டேன். கூடவே மூன்று சிரிக்கும் முகங்கள். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. யாரோ படித்துவிட்டார்கள். பதில் மட்டும் வரவில்லை.

படித்தது அவருடைய தம்பி. மூன்று நாள் டிங்கி காய்ச்சல், முப்பத்து நான்கு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது என்று மறுநாள் அந்த வீட்டு வாசலில் நின்றபோதுதான் நம்பினேன். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தங்கச்சி. நீ யாருன்னு அக்கா சொல்லியிருக்கு" என்றார். அதற்கு மேல் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று நான் சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அக்கா என்னைப் பழிவாங்க வேண்டியிருந்தது. அவரே சொன்னது: "எப்பன்னு சொல்ல மாட்டேன். நீ எதிர்பாக்காதப்ப வரும்."

அவரைத் தொல்லியல் ஆய்வுக்கூடத்தில் மட்டும் பார்த்த உங்களுக்கு எங்கள் தோட்டத்துக் கதை தெரியாது. ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்ட காலத்தில், லயத்து ஜனங்களின் பழைய இடுகாடு காணாமல் போனது. இப்போது அந்தப் பக்கமாகப் புதுச் சாலை வரப்போகிறது என்று சிவப்பு முளைகள் அடித்துவிட்டார்கள். இடுகாடு எது என்று காட்டினால் சாலையை ஒதுக்கிப் போடுகிறோம் என்றது நிர்வாகம். காட்டத்தான் ஆளில்லை. கோயில் கமிட்டியில் நான்கு பேர் இருந்தார்கள், நான்கு திசையில் கை காட்டினார்கள். அதனால்தான் அக்கா வந்தார், தரைக்குள் பார்க்கும் ரேடாரோடு. மூன்று நாள் அனுமதி. மண்ணைத் தோண்ட அனுமதி இல்லை.

அந்த இயந்திரத்தைக் குழந்தை வண்டி மாதிரி தள்ளிக்கொண்டே போக வேண்டும். கயிறு கட்டிய கோடு கோடாக, ஒரே வேகத்தில். "அக்கா, புல்லு வெட்டுறீங்களா, பாப்பாவ தூங்க வைக்கிறீங்களா?" என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவர். "தூங்குறவங்கள எழுப்பாம எண்ணிட்டிருக்கேன்."

விடுவேனா? "நீங்க தொல்லியல், நான் தொல்லை இயல்" என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். "தெரியுது லா" என்றார்.

முதல் நாள் காலையில் அக்காவை என் பெரியப்பா ஒரு செங்கல் குவியலுக்குக் கூட்டிப்போனார். அவர் அந்தத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்தில் ஒரு நாள் அந்தக் குவியலுக்குப் பாலூற்றி, ஒரு இனிப்பு பன் வைத்துவிட்டு வருவார். யாருக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார். அக்கா நான்கு முறை அங்கே வண்டியைத் தள்ளினார். கீழே இருந்தது ஒரு பழைய தண்ணீர்க் குழாய்.

"அப்போ அம்பது வருஷமா குழாய்க்கா பாலூத்திட்டு இருந்தேன்?" என்றார் பெரியப்பா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார், ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அன்று மதியம் அக்காவின் குழு சாப்பிடப் போன நேரம் என் வேலையைக் காட்டினேன். வீட்டிலிருந்து காலி பிஸ்கட் டின். உள்ளே ஒரு தாள்: "உள்ளே ஆள் இருக்கு. கதவைத் தட்டிவிட்டு வரவும்." ஒன்பதாம் கோட்டில், செம்பனை வரிசைக்கு நடுவே புதைத்து, மேலே சருகை இழுத்துப் போட்டேன். அங்கே மண் கல் மாதிரி இறுகிக் கிடக்கும், மண்வெட்டி துள்ளும். நான் தோண்டிய இடத்தில் மட்டும் மண் தானாக விலகிக் கொடுத்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் திரையில் வளைவுகள் தெரிந்தன. கவிழ்ந்த வாய் மாதிரி. சோக எமோஜி மாதிரி. ஒன்று, அப்புறம் ஒன்று, ஒரே இடைவெளி விட்டு ஆறு. எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்த வரிசை. அந்த வழியாகத்தான் நாங்கள் தினமும் மோட்டோ ஓட்டிப் பந்தயம் விடுவோம். ஆறும் சிவப்பு முளைகளுக்கு வெளியே இருந்தன, சாலைக்குத் தப்பிவிட்டன.

ஒன்பதாம் கோட்டுக்கு வந்தபோது திரை கத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெள்ளைப் பட்டைகள். "இரும்பு" என்றார் அக்கா. "ரொம்ப மேலயே இருக்கு. கீழ என்ன இருக்குன்னு இது பாக்க விடாது."

"தோண்டலியா அக்கா?" எனக்கு அவசரம்.

"தோண்ட வரல. கேக்க வந்திருக்கோம். அதுக்குக் கீழ இருக்கிறது கேக்காதுன்னு எழுதிட வேண்டியதுதான்."

என் விளையாட்டு இப்படிப் புஸ்ஸென்று போனதில் கடுப்பாக இருந்தேன். அப்போதுதான் பெரியப்பா கிட்டே வந்தார்.

"சின்னதா ஒண்ணு இல்லியாம்மா?"

"ஆறும் பெரியவங்க அளவுங்க."

"நல்லா பாரும்மா. எனக்கு எட்டு வயசு. தங்கச்சிய பொதைக்க அப்பாவோட நானும் வந்தேன். லட்சுமின்னு பேரு வச்சாங்க, கூப்பிட்டதெல்லாம் பாப்பான்னுதான். நாலு வயசு."

எனக்கு ஒரு அத்தை இருந்த சங்கதி அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள் என் அத்தை. டின் இருந்த இடம் முளைகளுக்கு உள்ளே, சாலை வரப்போகும் பக்கம்.

மூன்றாம் நாள் காலையில் வானம் கறுத்துக் கிடந்தது. மண் நனைந்தால் ரேடாருக்குக் காது அடைத்துவிடும் என்று அக்கா அவசரமாகக் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும். திட்டு விழும் என்று தலையைக் குனிந்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தோண்டும்போது மண்ணு கெட்டியா இருந்துச்சா?"

"இல்லக்கா. கேக் மாதிரி வந்துச்சு."

கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "அப்படின்னா உனக்கு முன்னாடியே அங்க யாரோ தோண்டியிருக்காங்க."

அக்கா மண்டியிட்டு என் டின்னைக் கையாலேயே எடுத்தார். தாளைப் படித்தார். சிரிக்கப்போன வாய் பாதியில் நின்றுவிட்டது. பிறகு அதே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வண்டியைத் தள்ளினார். ஒரு வளைவு வந்தது. ஏழாவது. அதே வரிசை, அதே இடைவெளி, அதே பக்கம் தலை. நீளம் மூன்றரை அடி இருக்கும். நான்காவது முறை தள்ளும்போது முதல் துளி திரையில் விழுந்தது.

"எலும்பு இதுல தெரியாதுங்க, குழி வெட்டின மண்ணுதான் தெரியும். யாருன்னு இது சொல்லாது" என்றார் பெரியப்பாவிடம்.

"நீ சொல்ல வேணாம்மா. எனக்குத் தெரியுது" என்றார் பெரியப்பா. மழையில் நின்றபடியே செருப்பைக் கழற்றினார்.

அறிக்கையில் டின்னை அக்கா மறைக்கவில்லை. "உள்ளூர்வாசி ஒருவர் அண்மையில் புதைத்த டின். அகற்றி மீண்டும் அளவெடுக்கப்பட்டது" என்று எழுதினார். "என் பேரு?" என்றேன். "மண்ணுக்குள்ள இருக்கறவங்க பேரையே நான் எழுதல. உன் பேரு எதுக்கு?" என்றார். டின்னைப் பையில் போட்டுக்கொண்டு, பழிவாங்கும் சபதத்தையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

முளைகள் தள்ளி அடிக்கப்பட்டன. சாலை அந்த இடத்தில் கொஞ்சம் வளைகிறது. இந்த வருஷம் பெரியப்பா பாலூற்றியபோது நானும் கூட நின்றேன். குழாய்க்கும் ஒரு சொட்டு ஊற்றிவிட்டு வந்தார், பழகிய தோஷம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அக்காவின் தம்பி உள்ளே போய் ஒரு பொருளை எடுத்துவந்து கொடுத்தார். ரேடார் பையில் இருந்ததாம். என் பிஸ்கட் டின். மூடியில் மார்க்கரால் என் பெயர். உள்ளே என் தாள். அதில் என் எழுத்துக்குக் கீழே, காய்ச்சல் வருவதற்கு முன்பு என்றோ எழுதிய, அக்காவின் எழுத்து:

"தட்டினேன். உன் அத்தைதான் கதவைத் திறந்தாள். உள்ள வாங்கன்னு கூப்பிடுகிறாள். கொஞ்சம் வேலை இருக்கு பாப்பா, அப்புறமா வரேன்னு சொல்லியிருக்கேன்."

அவரை அறிந்த உங்களிடம் அவர் விட்டுப்போனது நிறைய இருக்கும், அறிக்கைகள், வரைபடங்கள், வேலை. என்னிடம் இருப்பது இந்த டின்தான். செம்பனைக்குள் நுழையும்போது இப்போதெல்லாம் மோட்டோவை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். வரிசை தொடங்கும் இடத்தில் காலால் மூன்று முறை தரையைத் தட்டுகிறேன். பதிலுக்கு நிற்பதில்லை.

வாட்ஸ்அப்பில் என் கடைசி வரி இன்னும் அப்படியே இருக்கிறது, நான் ஏமாற மாட்டேன் என்று. அதை அழிக்கவில்லை, அளவெடுத்ததை அக்கா அழிக்க மாட்டார். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்.

"ஏமாந்துட்டேன் அக்கா."

ஒற்றைச் சாம்பல் கோட்டோடு நிற்கிறது.