ரெஜினா அக்கா தளர்த்திய ஸ்பிரிங்

சேலத்திலிருந்து நூல் ஏற்றி வந்த லாரியின் டிரைவர்தான் செய்தி கொண்டுவந்தார். குமாரபாளையத்தில் எங்கள் விசைத்தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது முதலில் காதில் விழவில்லை. வெளியே அழைத்துப்போய் மறுபடி கேட்டேன். "பட்டறைக்காரரு ஊட்டு அக்கா தவறிட்டாங்க. நாளைக்குக் காலைல எடுக்கறாங்களாம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்க" என்றார். ரெஜினா அக்காவுக்கு மஞ்சள் காமாலை. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் பங்குச்சாமியார் ரெஜினா அக்காவின் பக்தியைப் பற்றியும், கோயில் பாடல் குழுவில் அவர் பாடியதைப் பற்றியும் பேசினார். எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிள்காரர்கள். எங்களுக்குத் தெரிந்த ரெஜினா அக்காவைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அக்காவின் அப்பா சேலத்தில் லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் கட்டுபவர். அக்கா வளர்ந்ததே அந்தப் பட்டறையில்தான். கல்யாணம் செய்துகொண்டது மோட்டார் சைக்கிள் மெக்கானிக் அருளப்பனை. அருளப்பன் என்ஜினைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரர், பந்தயமும் ஓட்டுவார். குலுக்கலைத் தாங்கும் முன் ஃபோர்க், பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மட்டும் அக்கா பார்த்துக்கொள்வார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய கோணிமேல் உட்கார்ந்து வேலை செய்வார். பட்டறைக்கு வரும் புதியவர்கள் சற்று விழிப்பார்கள். அவர்களுக்காக அவர் எழுந்திருக்கவும் மாட்டார், விளக்கம் சொல்லவும் மாட்டார்.

அப்போது சேலத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து, நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் மலையடிவாரக் காட்டில் ஆண்டுதோறும் ஒரு பந்தயம் நடத்திவந்தோம். தார்ச்சாலையே கிடையாது. மாட்டுத்தடம், வேர், உருண்டைக்கல், நடுவில் ஒரு காய்ந்த ஓடை. பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அந்தக் காட்டில் வேகமான வண்டியைவிட நிலத்தை விடாத வண்டிதான் கரைசேரும் என்பது அக்காவின் கணக்கு. "ரோட்டுக்கு வேற, காட்டுக்கு வேறங்க தம்பி. சக்கரம் மண்ண உட்டு எந்திரிச்சுதுன்னா அந்த நேரம் வண்டி நம்மளுது இல்லீங்க" என்பார்.

ஒரு வருடம் அருளப்பன் இதற்கு நேர்மாறாகச் செய்தார். முந்தைய பந்தயத்தில் ஓடைச் சரிவில் இறங்கும்போது ஃபோர்க் அடிவரை அமுங்கி இடித்துவிட்டது. அந்தச் சத்தம் அவர் மனதிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேலே வாஷர்களை அடுக்கி இறுக்கினார். ஃபோர்க்கில் கெட்டியான எண்ணெய் ஊற்றினார். வண்டி கட்டைபோல் நின்றது. இது காட்டில் குதித்துக்கொண்டே போகும் என்று அக்கா ஒருமுறை சொன்னார். அருளப்பன் கேட்கவில்லை. அக்கா இரண்டாம் முறை சொல்லவில்லை.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் அதே ஓடையில், ஒத்திகையின்போது அருளப்பன் விழுந்தார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். முன்சக்கரம் ஒரு கல்லில் பட்டு எகிறியதையும், இறங்குவதற்குள் அடுத்த கல் வந்துவிட்டதையும் பார்த்தேன். தொடை எலும்பு முறிந்தது. காலை மேலே தூக்கிக் கட்டி, எடை தொங்கவிட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

படுக்கையிலிருந்தபடியே அவர் என்னைக் கூப்பிட்டு, தன் வண்டியை நான் ஓட்டவேண்டும் என்றார். பட்டறையின் பேரில் பெயர் கொடுத்தாயிற்று, வண்டி ஓடாமல் நிற்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். கூடவே ஒரு நிபந்தனை: தான் வைத்த அமைப்பில் ஒரு மறையைக்கூடத் திருகக்கூடாது. சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வண்டிமேல் ஏற எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனபோது அக்கா ஃபோர்க்கின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "அவர் எடைக்கு அவர் வெச்சாருங்க. நீங்க அவர்ல பாதிதான் இருப்பீங்க. இப்படியே ஓட்டுனா நீங்களும் பக்கத்துக் கட்டில்லதான் படுப்பீங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

வாஷர்களை எடுத்துப்போட்டார். கெட்டி எண்ணெயை வடித்துவிட்டு இளக்கமான எண்ணெயை ஊற்றினார். பின் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தைக் கீழ்ப்படிக்கு இறக்கினார். என்னை பூட்ஸ், தொப்பி சகிதம் வண்டிமேல் உட்காரச் சொல்லி, மட்கார்டுக்கும் அச்சுக்கும் இடையே தையல் டேப்பால் அளந்தார். ஏறும் முன் ஓர் அளவு, ஏறிய பின் ஓர் அளவு. பிறகு பட்டறைக்குப் பின்னால் செங்கல் ஜல்லி கொட்டிக்கிடந்த இடத்தில் ஓட்டச் சொன்னார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அமுங்கறது சரிங்க. எந்திரிக்கறதுதான் அவசரப்படுது" என்றார். பின்பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியான எண்ணெயை மாற்றினார். அதன்பின் வண்டி கல்லில் ஏறி இறங்கியதும் உதைக்காமல் அடங்கியது.

அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பந்தயம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று வழியில் கெஞ்சிப்பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிலருகே நின்று, "வண்டியப் பிரிச்சு மாத்திட்டேனுங்க. தம்பி வேண்டாம்னுதான் சொன்னாரு. செஞ்சது நானு" என்றார். அருளப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா கொண்டுவந்த சோற்றை வைத்துவிட்டுக் கிளம்பினார். பந்தயம் முடியும்வரை அவர் மனைவியிடம் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. அக்கா வழக்கம்போல மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோனார்.

பந்தயத்தில் நான் ஐந்தாவதாக வந்தேன். என் திறமைக்கு அதுவே அதிகம். ஓடையில் எனக்கு முன்னால் போன இருவர் சரிந்துகிடந்தார்கள். என் வண்டி ஒவ்வொரு குழியிலும் இறங்கி, ஒவ்வொரு கல்மேலும் ஏறி, மறுகரைக்குப் போய்விட்டது. அக்கா கரையில் நின்றிருந்தார். கை தட்டவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்திருப்பார்.

அழுக்கு உடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அருளப்பன் எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை. ஓடையில் வண்டி என்ன செய்தது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் முதல்முறையாக மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் இறுக்குனதுதான் என்னைத் தள்ளுச்சா?"

அறையில் வேறு நோயாளிகளும் இருந்தார்கள். கல் வழுக்கியிருக்கும் என்றோ, நேரம் சரியில்லை என்றோ அக்கா சொல்லியிருக்கலாம். நானே அப்படி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமாங்க" என்றார் அக்கா. நான் அப்போதே சொன்னேனே என்ற தொனி துளியும் இல்லை. ஆறுதல் சொல்லும் குழைவும் இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வது போலிருந்தது. பிறகு கஞ்சியை ஆற்றி அவர் கையில் கொடுத்தார். அருளப்பன் வாங்கிக் குடித்தார். பாதி குடித்துவிட்டு, பின்பக்கத்துக்கு என்ன எண்ணெய் போட்டாய் என்று கேட்டார். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அருளப்பனின் ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அந்தக் காலுக்கு ஏற்ப அக்கா வண்டியைத் தணித்துக் கொடுத்தார். அதில் அருளப்பன் இன்னும் இரண்டு பந்தயம் ஓட்டினார். ஒன்றில் பாதியில் நின்றார், இன்னொன்றில் மூன்றாவதாக வந்தார். அவர்கள் பட்டறையில் அதன்பிறகு சண்டையே வந்ததில்லை என்று சொன்னால் பொய். நிறைய வந்தது. ஆனால் சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே வண்டியின் முன்னால்தான் குந்தியிருப்பார்கள்.

அடக்கம் முடிந்தபின் அருளப்பனோடு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, அக்காவிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்தேன். ஸ்பிரிங் வேலை எனக்கு வராது. மோட்டார் சைக்கிளை விட்டும் நாளாயிற்று. மிஞ்சியிருப்பது அந்த "ஆமாங்க" மட்டும்தான். விழுந்து கிடப்பவர் கேட்கும்போது உண்மையைச் சொல்லவும், சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே இருக்கவும் முடியும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.