ஷரீஃபுக்கு வந்த கடிதமும் சரளாவுக்குப் போன சொல்லும்

இந்த 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் வன்னியிலிருந்து உங்கள் உறவினர் தொலைபேசியில் அழைத்து, "நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? மறந்துவிட்டதா? சிற்றம்பலத்துக்கு மறக்கவில்லை. தான் சொன்னதைப் பலர் முன்னால் ஒப்புக்கொள்ள அவர் ஒரு மேடை கேட்கிறார். நம்மவர்கள் மறுக்கிறார்கள்.

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாத்திரம் கழுவுகிறவர் அவர். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்தார். யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்து வாங்கிய பட்டத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு. அன்றைக்கு பான் நகருக்கு ரயிலேறி, நூலகத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் படிப்பார்: முதல் உலகப் போரில் பிரித்தானியப் பேரரசு அரபுப் பாலைவன ஆட்சியாளர்களோடு நடத்திய பேரம்.

துருக்கியருக்கு எதிராக அரபு மக்கள் எழ வேண்டும் என்று பிரித்தானியர் விரும்பிய காலம் அது. எகிப்திலிருந்த அவர்களுடைய உயர் ஆணையர் 1915இல் மக்காவை ஆண்ட ஷரீஃபுக்குக் கடிதம் எழுதினார். பட்டங்களும் புகழ்ச்சியும் வரி வரியாக இருந்தன. எல்லை எது என்று ஷரீஃப் கேட்டால், பதில் மங்கலாக வந்தது. அதே ஆண்டில் ஷரீஃபின் போட்டியாளரான நஜ்து ஆட்சியாளரோடும் தனி ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டு பிரான்சோடு ரகசியமாக உட்கார்ந்து அரபு நிலத்தைக் கோடு கிழித்துப் பிரித்துக்கொண்டார்கள். அதை அறியாமல் ஷரீஃபின் ஆட்கள் பாலைவனத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பற்றி நான்கு கொப்பிகள் நிறைய எழுதியிருக்கிறார் சிற்றம்பலம். முதல் கொப்பியின் முதல் பக்கத்தில் இருப்பது இது: "அதிகாரத்தின் கடிதத்தில் அன்பைத் தேடாதே. நாள் இருக்கிறதா, இடம் இருக்கிறதா, செய்யப்போகிற ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்."

அவருடைய கூட்டாளி குணசேகரம் மளிகைக்கடை வைத்திருக்கிறார். சிற்றம்பலம் உள்ளே நுழைந்தால் கேலி தொடங்கிவிடும்.

"அண்ணை, உங்கட ஷரீஃபுக்கு இண்டைக்காவது நாடு குடுத்தாங்களோ?"

"இல்லையடாப்பா. இன்னும் கடிதம்தான் போகுது."

"அப்ப அவரும் எங்களைப் போல அகதிக் கேஸ்தான். கந்தோரில நாள் குறிச்சு ஒரு டெர்மின் எடுத்துப்போட்டு வரிசையில நிக்கச் சொல்லுங்கோ."

ஜனவரியில் இந்தச் சிரிப்பு நின்றது. சிற்றம்பலத்தின் ஒரே தங்கை சரளா, கணவனை இழந்தவள். மகள் நிலக்சியோடு வன்னிப் போரில் இடம் மாறி இடம் மாறி மாத்தளன் கடற்கரைக்கு ஒதுங்கியிருந்தாள். ஜெர்மன் நன்றாக எழுதத் தெரிந்தவர் என்பதால் ஊர்ச்சங்கம் கடிதம் எழுதும் வேலையை அண்ணனிடம் கொடுத்தது. வன்னி மக்களைக் காப்பாற்றக் கேட்டு அரசியல்வாதிகளுக்கு நாற்பதுக்கு மேல் எழுதினார். வந்த பதில்கள் எல்லாம் கணினி அச்சு. "இது இயந்திரம் தயாரித்த கடிதம், கையொப்பம் இல்லாமலே செல்லும்" என்று அடியில் ஒரு வரி. இந்த நாட்டில் நம் வாழ்வை முடிவு செய்த கடிதம் எல்லாவற்றிலும் அந்த வரி உண்டு.

ஒன்று மட்டும் வேறாக வந்தது. ஒரு பெண் நாடாளுமன்ற உறுப்பினரின் பதில். நீல மையில் கையொப்பம். அதன் கீழே கைப்பட ஒரு வரி: "உங்கள் தங்கையை நினைத்துக்கொள்கிறேன்." உள்ளே, பொதுமக்களைக் கடல்வழியாக வெளியேற்றுவது குறித்து நட்பு நாடுகளோடு பேசப்படுகிறது என்றிருந்தது.

சிற்றம்பலம் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். குணசேகரம் இரண்டு முறை படித்தார்.

"அண்ணை, இதில நாள் ஒண்டும் கிடக்கேல்லையே. நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?"

"அந்த மனுசி தன்ர கையால எழுதியிருக்கிறாடாப்பா. இது வேற."

இருபத்துநான்கு ஆண்டுகளாக ஒரு மனிதக் கைக்காகக் காத்திருந்த மனம், தான் எழுதிய நான்கு கொப்பிகளையும் தூக்கி ஓரமாகப் போட்டது.

அந்த வாரமே சரளாவின் அழைப்பு வந்தது. பேச இரண்டு நிமிடம்தான்.

"அண்ணா, பக்கத்து ஆக்கள் விடிய நீரேரியைக் கடக்கப் போகினம். போறவையை இயக்கப் பெடியள் மறிச்சுச் சுடுறாங்களாம். அங்கால ஆமி என்ன செய்வானோ தெரியாது. பிள்ளையையும் கொண்டு போகவோ, நிக்கவோ? கெதியாச் சொல்லுங்கோ."

"நில்லு. கப்பல் வரும்."

பக்கத்து ஆட்கள் போனார்கள். தப்பிவிட்டார்கள். இன்று உயிரோடிருக்கிறார்கள்.

சிற்றம்பலம் அந்த அரசியல்வாதியின் அலுவலகத்துக்குப் பதினொரு முறை தொலைபேசி எடுத்தார். பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சொன்னார்கள். காயப்பட்டவர்களை ஏற்ற வந்த செஞ்சிலுவைக் கப்பலில் காயப்படாத சரளாவுக்கு இடமில்லை.

போர் முடிந்தபின் ஜூன் மாதம் அகதி முகாமிலிருந்து நிலக்சி பேசினாள்.

"மாமா, கப்பல் வந்தா முதல் ஆளா ஏறலாம் எண்டு அம்மா கரையோரமாத்தான் தறப்பாள் கூடாரம் கட்டினவ. சித்திரையில செல் விழுந்து அம்மா செத்ததும் அங்கதான்."

அவளே மேலும் சொன்னாள்.

"நீங்கள் சொன்னதை அம்மா எல்லாருக்கும் சொன்னவ, மாமா. அதை நம்பி எங்களோட ஆறு குடும்பம் நிண்டது."

"அவையின்ர பேரைச் சொல்லு, பிள்ளை," என்றார் சிற்றம்பலம். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

அந்தப் பெயர்களைத்தான் மேடையில் வாசிக்க வேண்டும் என்கிறார் அவர். சங்கத் தலைவர் நித்தியானந்தனின் பதில்: "அண்ணை, சனம் நொந்துபோய்க் கிடக்கு. இப்ப இது கதைக்கிற நேரமோ?" கோயிலில் சாந்தி யாகம் ஏற்பாடாகிறது. எல்லாம் விதி என்கிறார்கள். விதியா பீரங்கி சுட்டது? விதியா தப்பி ஓடியவர்களை மறித்தது? சுட்டவன் குற்றவாளி. மறித்தவன் குற்றவாளி. நினைத்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு மதிய உணவுக்குப் போனவரும் கணக்குச் சொல்ல வேண்டியவர்தான். ஆனால் வெறும் அனுதாபத்தைக் கப்பலாக்கிக் கடற்கரை வரை கொண்டுபோய்ச் சேர்த்தவை நம் குரல்கள். அந்த ஊரில் நம்மைத்தான் நம்பினார்கள். இதை நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

சிற்றம்பலம் இப்போது தானே ஒரு மண்டபம் பிடித்திருக்கிறார். ஒக்டோபர் பத்து, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. குணசேகரத்தின் கடையில் கேட்டால் வழி சொல்வார். வாருங்கள். அவர் குரல் உடைந்தால் தண்ணீர் கொடுங்கள். "போதும் அண்ணை, இருங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறு குடும்பங்களின் பெயர்களையும் அவர் வாசித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருங்கள்.