மாமாவின் ட்ரம்பெட்டும் இரண்டு பற்களும்

டீ கிளாஸ் தண்ணீரில் மாமாவின் கட்டிய பற்கள் இரண்டும் மூழ்கிக் கிடந்ததை நினைத்தால், எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. மற்றது பிறகு வரும். மாமா என் அம்மாவின் தம்பி. கடலூர் முதுநகரில் எங்கள் பேண்டு செட்டின் ட்ரம்பெட்காரர். பக்கத்தில் நான், பெரிய டிரம். பள்ளிக்கூடத்தில் உருப்படியாக நான் கற்றது அடி வாங்குவது ஒன்றுதான். அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு தொழில் வாய்த்தது.

மாமா வாலிபத்தில் பாண்டிச்சேரி ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் வாசித்தவர். அங்கே வாத்தியக்காரர்களை நிறுத்தியதும் எங்களிடம் வந்து சேர்ந்தார். ஜாஸ் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "பாட்டு பஸ்ஸு மாதிரி ரூட்ல போவும்டா மாப்ள. நான் நடுவுல எறங்கி, வயக்காட்டுல ஓடி, அடுத்த ஸ்டாப்புல ஏறிக்குவேன்" என்றார். கல்யாணத்தில் அப்படி இறங்கினால் பெண் வீட்டார் முறைப்பார்கள். அதனால் சாவு ஊர்வலங்களில்தான் இறங்குவார். படுத்திருப்பவர் ஆட்சேபம் சொன்னதில்லை. செத்தவர் யாரென்றே தெரியாமல் நான் அழுதிருக்கிறேன். அழுதுகொண்டே தாளத்தையும் விட்டிருக்கிறேன்.

சர்க்கரை வியாதியில் முன்பற்கள் போயின. பல் இல்லாத உதடு, சுவர் இல்லாத சுவரொட்டி. சிதம்பரத்தில் பல் கட்டிக்கொண்டு வந்து மாதக்கணக்கில் ஊதிப் பார்த்தார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

செட்டு முதலாளி வழி சொன்னார். "ஏன் கஷ்டப்படுறீங்க? கீபோர்டுலயே ட்ரம்பெட் சத்தம் இருக்கு, ஸ்பீக்கர்ல ஜாஸ்தியா வெச்சிக்கலாம். நீங்க சும்மா வாயில வெச்சிக்கினு நடங்க. ட்ரெஸ்ஸு உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு."

"கவலப்படாத மாமா, நானும் இத்தினி வருசமா அப்பிடித்தான நடக்குறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் ஊர்வலத்தில் அவர் விரல்களைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டை அவை வாசிக்கவில்லை. தனியாக வயக்காட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு சிதம்பரம் கீழவீதியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கி வந்து மாமாவுக்குத் துண்டு போர்த்தினார். "என்னா ஊத்து! மனச அப்பிடியே புழியிறீங்களே!" மாமா ட்ரம்பெட்டை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டார். ஸ்பீக்கரில் ட்ரம்பெட் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் அதைக் கேட்டு இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வேனில் மாமா சொன்னார். "ஒருத்தரும் கவனிக்கலடா மாப்ள."

"நல்லவேள மாமா" என்றேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தோடு பற்களைக் கழற்றி டீ கிளாஸ் தண்ணீரில் போட்டவர், வருவதையும் நிறுத்திவிட்டார். இப்போது கிள்ளையில் மகள் வீட்டில் இருக்கிறார். போனால், மழை பெய்ததா என்று கேட்பார், வேறு பேச்சில்லை. எங்கள் வரிசையில் அவர் இடத்தில் ஊதவே தெரியாத ஒருத்தன் நிற்கிறான். ட்ரெஸ்ஸு அவனுக்குக் கச்சிதமாக இருக்கிறது.