ஹாலுக்கு எந்தப் பச்சை?

போன மாதம் ஒரு வாரம் முழுக்க எங்கள் ஹால் சுவரில் இரண்டு பச்சைத் திட்டுகள். இரண்டுமே சாம்பல் கலந்த வெளிர் பச்சை. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பெயின்டர் கேட்டபோது "வலது" என்றேன். சும்மாதான்.

என் மனைவி வசந்தா அப்படி விடுவாளா? காலையில் காபியோடு நின்று பார்த்தாள். சாயந்திரம் லைட் போட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, அண்ணன் வாராகல்ல... அவுக கண்ணுக்குத் தப்பாத் தெரியக் கூடாது."

அவள் அண்ணன் போடியில் ஏலக்காய் வியாபாரி. காயின் பச்சையைப் பார்த்தே விலை சொல்பவர். அவரிடம் பச்சையைக் காட்டுவதென்றால் சும்மாவா?

ஆனால் கவலை அது மட்டுமல்ல. எங்கள் மகள் கல்யாணத்தைப் பேசி முடித்த பிறகுதான் தாய்மாமனான தனக்குச் சொன்னோம் என்று மச்சானுக்கு மனத்தாங்கல். சண்டை போடவில்லை - அதுதான் பிரச்சினையே! அதன் பிறகு வந்தால் சேர் நுனியில் உட்காருவார். காபி நல்லாருக்கு, வீடு நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்கு... கிளம்பிவிடுவார். முன்பெல்லாம் குழம்பில் உப்பு குறைந்தால் அடுப்படிக்கே வந்து சத்தம் போடுகிற மனிதர். அவரை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்து வசந்தா அழுவாள்.

கடைசியில் அவள் இடது பச்சையைத் தேர்ந்தெடுத்தாள். அடித்து முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார்.

சுவரைப் பார்த்தார். வசந்தா சேலை முந்தியை முறுக்கிக்கொண்டு நின்றாள். இதற்கும் "நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

கிட்டே போனார். சட்டைப்பையிலிருந்து நாலைந்து ஏலக்காயை எடுத்துச் சுவரோடு வைத்துப் பார்த்தார்.

"ஏ ஆத்தா, என்ன கண்ணு உனக்கு? இது காயவைக்கையில சூடு கூடிப்போன காய் நெறம்ல! ஏலக்காய்க்காரன் தங்கச்சின்னு வெளிய சொல்லிராத. மாப்ள, நீங்களாவது சொல்லக் கூடாதா? பெயின்டரக் கூப்பிடுங்க, நானே நின்னு பாத்துக்கிறேன்."

"சாப்ட்டுட்டுப் பேசுவம்ணே" என்று வசந்தா அடுப்படிக்கு ஓடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் ஓடினாள்... முகம் முழுக்கச் சிரிப்பு. நான் பெயின்டருக்குப் போன் போட்டேன்.

நல்லாருக்கு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். குறை சொல்ல உரிமை வேண்டாமா?

இப்போது ஹாலில் வலது பச்சை. எனக்கு இன்னும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மச்சான் சேரில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறார்!