எல்லோருக்கும் ஒரே பயம்

எங்கள் தலாஸ் ஊரில் மூத்த பெண்களை எஜே என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டப் பயிற்சி தரும் புருல்சா என்னைவிட இளையவள். நானும் எஜே என்றுதான் கூப்பிடுகிறேன். எல்லாம் அவள் வாய்க்கு அஞ்சித்தான். மல்யுத்தம் சொல்லித்தரும் எனக்கு ஆளைச் சாய்த்தால் வெற்றி. அவளுக்கோ எதற்கெடுத்தாலும் ஓட்ட நேரச் சராசரி.

எங்கள் திடலில் பறக்கும் பெண்கள் பிஷ்கெக் போனால் சொதப்புவார்கள். தலைநகரைக் கண்டதும் தொடை நடுங்குகிறது என்பது புருல்சாவின் தீர்ப்பு. இருபத்தைந்து வருடத்துக்கு முன், பிஷ்கெக் போட்டியில் பின்தங்கிய சொந்தத் தங்கை அனார்குலையே பயந்தாங்கொள்ளி என்று அணியிலிருந்து நீக்கினாள். அதற்குப் பிறகு அனார்குல் ஓடவில்லை. பீன்ஸ் வயலோடு சரி.

இந்த வசந்தத்தில் நூர்சாதாவின் முறை. யாருக்கும் அடங்காத பெண். ஆயிரத்தைந்நூறு மீட்டரில் பிஷ்கெக்கில் ஐந்து விநாடி கூடிவிட்டது. அவளை நீக்க ஆதாரம் வேண்டுமே என்று, அதே தூரம் ஓடும் மற்ற பெண்களின் சராசரிகளையும் இரண்டு ஊருக்கும் தனித்தனியாகக் கரும்பலகையில் எழுதினாள் புருல்சா. எழுதியவள் அப்படியே நின்றுவிட்டாள். துணிச்சல்காரி, அழுமூஞ்சி, போன மாதம் சேர்ந்தவள், யாரை எடுத்தாலும் ஏறக்குறைய அதே ஐந்து விநாடி.

“பயம் ஆளுக்கு ஆள் மாறாதா?” என்று என்னைக் கேட்டாள். “இதென்ன, எல்லாருக்கும் அளந்து ஊத்தின மாதிரி இருக்கு?”

அளவு நாடாவோடு திடலுக்குப் போனோம். நானூறு மீட்டர் இருக்கவேண்டிய சுற்று ஏழு மீட்டர் குறைந்தது. மறுபடி அளந்தோம். அதே ஏழு. நாங்கள் வேலைக்கு வருவதற்கு முன்பே ஓடுபாதையின் உள்விளிம்புக் கற்களை எவனோ உள்ளே தள்ளி நட்டிருக்கிறான், நாசமாய்ப் போகிறவன். எங்கள் பெண்கள் முழுத் தூரம் ஓடியதே பிஷ்கெக்கில்தான்.

நூர்சாதா அணியில் தங்கினாள். ஆனால் புருல்சா இடிந்துபோயிருந்தாள். தங்கை வீட்டுக்குத் துணைக்கு வரச் சொன்னாள், போனேன்.

அந்தப் போட்டிக்குப் பிறகு அனார்குல் பிஷ்கெக் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மகளின் கல்யாணம் அங்கே நடந்தது. தனக்குப் பயம் என்று சொல்லி, அன்றும் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

புருல்சா திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அனார்குல் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“நான் பயந்தது எனக்கு ஞாபகம் இருக்கே, எஜே,” என்றாள்.