பட்டாளத்துச் சாக்லேட்டும் தீபாவளி மருந்தும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் அண்ணன் சண்டையிலிருந்து உயிரோடு திரும்பி வந்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. எனக்கு இருப்பது கோபம்தான். இத்தனை வருஷம் கழித்தும் அது ஆறவில்லை. ஏன் ஆறவேண்டும் என்றும் எனக்குப் புரியவில்லை.

அப்போது நான் திருச்சுழிக்குப் பக்கத்தில் உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டு இரண்டாவது வருஷம். அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அண்ணன் ஒருவன்தான். அவன் பட்டாளத்தில் இருந்தான். எந்த ஊரில் இருக்கிறான் என்று கடுதாசியில் எழுதக்கூட விடமாட்டார்களாம். அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு மாத லீவு கிடைத்து வந்தான். அருப்புக்கோட்டையில், பெட்ரோல் கிடைக்காத அந்த உலக யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து, அது பாதி வழியில் நின்றுபோக, மிச்சத் தூரத்தை மழையில் நடந்து, முழங்கால்வரை கரிசல் சேறு அப்பிய கோலத்தில் சீரோடு வாசலில் வந்து நின்றான். சீர் என்றால் ஒரு சேலை, ஒரு வேட்டி, ஒரு பெரிய தகர டப்பா நிறையச் சாக்லேட்.

அத்தை, அதாவது என் மாமியார், நிலைப்படியிலேயே அவனை மறித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிறாதீக தம்பி. பட்டாளத்துல கண்டவுக கூடயும் உக்காந்து கண்டதையும் தின்னுட்டு வாரீக. இது சாமி கும்புடுற வீடு. தொழுவத்துப் பக்கம் உக்காருங்க, எலை போடச் சொல்றேன்."

உள்ளே ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. அதன் மணத்தோடு நின்றுகொண்டுதான் இந்தப் பேச்சு. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருந்தார். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டு மாடுகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டான்.

பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தாள் அத்தை. மூக்கைச் சுளித்தாள். "இது மாட்டுக் கொழுப்புல செய்யிறதாம்ல. வீட்டுக்குள்ள வரப்படாது." சேலையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சேலைக்குத் தீட்டில்லை போலிருக்கிறது. அதுவும் அந்தப் பட்டாளத்துச் சம்பளத்தில் வாங்கியதுதானே என்று நாக்கு நுனிவரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மூணு மாசமா எங்களுக்குக் குடுக்குறதத் திங்காமச் சேத்து வச்சது, தாயி," என்று அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னான். "லீவு முடிஞ்சு போகையில வந்து பாத்துட்டுப் போறேன்."

அவன் எங்கள் ஊருக்குப் போனதும் ஒரு முடிவுக்கு வந்தேன். திரும்பவும் சண்டைக்குப் போகிறவன். போகுமுன் ஒரு வேளையாவது என் வீட்டுக்குள் உட்கார்ந்து என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அதற்கு வழி என்ன என்றுதான் தெரியவில்லை.

தீபாவளியன்று தெருப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தேன். கசக்கிறது என்று பாதிப் பேர் துப்பிவிட்டுப் போனார்கள். முக்கால் டப்பா மிஞ்சியது. அதைத் தொழுவத்தில் தொங்கவிட்டிருந்தேன். மறுநாள் அத்தை, "வீணாப் போறதுக்குக் காளைக்குப் பருத்திக்கொட்டையோட கலந்து வையி," என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏன் அத்தை, மாட்டுக் கொழுப்புன்னீக. அத மாட்டுக்கே வைக்கச் சொல்றீகளே?"

"வாய் நீளுது ஒனக்கு," என்றாள். அவளிடம் பதில் இல்லாதபோதெல்லாம் என் வாய் நீண்டுவிடும்.

காளைக்கு நான் வைக்கவில்லை. மூன்று மாதம் ஒருவன் வாயைக் கட்டிச் சேர்த்ததை மாட்டுக்குப் போட எனக்கு என்ன பைத்தியமா? சீனி ரேஷனில் கிடைத்தது. கருப்பட்டி கடையில் வந்தால் உண்டு. அந்த நேரத்தில் ஒரு டப்பா இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஒரு நாள் உளுந்தங்களி கிண்டும்போது இரண்டு துண்டைத் தட்டிப் போட்டேன். கசப்பு உளுந்து வாசனையிலும் நல்லெண்ணெயிலும் அமுங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இன்னொரு நாள் காப்பியில் கரைத்து நானே குடித்தேன். சுழியத்துக்குப் பூரணத்தில் வைத்துப் பார்த்தேன், எண்ணெயில் உருகி வெளியே ஓடிவந்து சட்டியை நாசமாக்கியது. அந்தச் சட்டியைத் தேய்த்ததில் கை ஓய்ந்துபோயிற்று.

பலகாரமாகத் தின்றதில் அத்தைக்கு வயிறு மந்தம் கட்டிக்கொண்டது. "தீவாளி மருந்து கிண்டு," என்றாள். கருப்பட்டி ஒரு பொட்டு இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் வறுத்து அம்மியில் அரைத்தேன். டப்பாவை எடுத்து வந்தேன். வேண்டாம் என்று சொன்னவளுக்குத் தெரியாமல் ஊட்டுவது தப்புதான். தெரிந்தேதான் செய்தேன். சாக்லேட்டை இளக்கி, அரைத்ததைப் போட்டு, நெய் விட்டுக் கிண்டினேன். கருப்பாக, பளபளவென்று சுருண்டு வந்தது. எந்த வைத்தியருக்கும் கண்டுபிடிக்க வராது.

அத்தை நெல்லிக்காய் அளவு வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலையில் எலுமிச்சை அளவு கேட்டாள். மந்தம் போன பிறகும் மருந்து நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம் மருமக கைமருந்து மாதிரி வராது," என்று பீற்றிக்கொண்டாள். மாதக் கடைசிக்குள் டப்பாவும் காலி, மருந்துச் சட்டியும் காலி.

அண்ணன் சொன்னபடியே வந்தான், காக்கி உடுப்பில், தோளில் மூட்டையோடு. அன்றைக்கே ரயிலைப் பிடிக்கவேண்டும். அத்தை மறுபடியும் நிலைப்படியில் வந்து நின்றாள். "வாங்க தம்பி. தொழுவத்துப் பக்கம்," என்று ஆரம்பித்தாள்.

அவளை முடிக்கவிடவில்லை நான். "அண்ணே தொழுவத்துல உக்காரணும்னா நீங்களும் அங்கதான் உக்காரணும், அத்தை. ஒரு மாசமா நீங்க மருந்துன்னு தின்னது அண்ணே கொண்டாந்த சாக்லேட்டுத்தான்."

அத்தையின் முகம் செத்துப்போயிற்று. கை தானாக வயிற்றுக்குப் போனது. என்னை ஒரு பார்வை பார்த்தாள், நிலைப்படியை விட்டு ஒதுங்கினாள். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு வாய் வந்தது. "உள்ள வாங்க மச்சான்," என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணன் அசையவில்லை.

"வேண்டாம் தாயி," என்றான். "அவுக ஏமாந்து தின்னுட்டாகன்னு என்னைய உள்ள விட வேண்டாம். மனுசன்னு நெனச்சுக் கூப்டட்டும், அன்னைக்கு வாரேன்."

மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, போன தடவை உட்கார்ந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தான். ஒரு மாதமாக நான் கண்ட கனவை நானே கெடுத்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. அத்தை மேல் கோபம், ஊமையாக நின்ற மனுஷன் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே என் புத்தி மேல் கோபம். உள்ளே போய் இரண்டு இலை எடுத்தேன். சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். அண்ணனுக்கு எதிரே எனக்கும் ஒரு இலையைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தத் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணும் போகிற வருகிறவர்கள் பார்க்க வெளியில் இலை போட்டு உட்கார்ந்ததில்லை. இரண்டு பேர் நின்றே பார்த்தார்கள்.

"உள்ள வா. ஊரு பாக்குது," என்றாள் அத்தை.

"பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அண்ணன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.