டின்னில் விட்டுப்போன அட்டை

கொழும்பில், கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் சனி மாலைகளில் கூடுவோம். பதினாறிலிருந்து பத்தொன்பது வரை வயது. பெரியவர்களுக்கு இடமில்லை, பாதர்கூடச் சாவியைத் தந்துவிட்டுப் போய்விட வேண்டும். ‘நாங்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை’ என்று சுவரில் எழுதியவன் நான். தலைவனும் நான்.

எங்களுக்கொரு வழக்கம். வரும்போதே அடையாள அட்டையை வாசலில் வைத்த பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். அட்டையில் பிறந்த இடம் இருக்கிறது. தெருவில் எங்களைப் பிரிப்பது அந்த ஒரு வரி. மண்டபத்துக்குள் யாழ்ப்பாணமும் இல்லை, மட்டக்குளியும் இல்லை. எவ்வளவு அழகான யோசனை. அதுவும் என்னுடையதுதான்.

பருத்தித்துறைக்காரி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தாயோடு இருந்தாள். தகப்பன் கனடாவில், ஒரு திங்கள் காலை தூதரகத்தில் விசா நேர்முகம். வாய் திறக்கவே ஐந்து சனி எடுத்தவள். அதற்கு முந்திய சனி கூட்டத்தை நடத்துவது அவள் முறை. தலைப்பையும் அவளே எடுத்திருந்தாள்: பயம்.

நடத்துபவர்தான் மூலைக்கடையில் மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கி வர வேண்டும். துணைக்கு ஒருத்தி எழுந்தாள். நான் மறித்தேன்.

“பயத்தப் பத்திப் பேசப் போறவங்களுக்குக் கடைக்குப் போகவும் ஆள் வேணுமா?”

சிரித்தார்கள். “ஓமோம், அவவுக்குப் பயமெல்லோ,” என்று ஒருவன் அவளைப் போலவே இழுத்தான்.

“நான் தனியப் போட்டு வாறன்,” என்றாள். அந்த அவசரத்தில் டின்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேனா? இத்தனை வருடமாக எனக்கே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரம் இருந்தவன் சொன்னான்: “அவள ஆமி மறிச்சிட்டான். ஐசி கேக்கிறான், அட்டை டின்னுக்குள்ள கிடக்கு.”

“பாதருக்குச் சொல்லுவமா?”

“அவர் ஹெந்தளைக்குப் போயிட்டார். நீ போடா. நீ இங்கயே பிறந்தவன், சிங்களமும் தண்ணி மாதிரி வரும்.”

டின்னுக்குள் கைவிட்டு முதலில் என்னுடையதைத் தேடி எடுத்தேன். பிறகுதான் அவளுடையது.

பணிஸ் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். என்னைக் கண்டதும் “அண்ணா” என்றாள். சிப்பாய் என் அட்டையைப் புரட்டிப் பார்த்தான். இவளைத் தெரியுமா மல்லி என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டான், கனிவாகவே. ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. அவளுடைய அட்டை என் சட்டைப் பையில் இருந்தது.

“நே சேர்,” என்றேன்.

அவளுக்குச் சிங்களம் தெரியாது. இல்லை என்கிற அந்த ‘நே’ மட்டும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. சிப்பாய் பையைப் பிடுங்கி என் கையில் திணித்தான். சூடு ஆறுமுன் சாப்பிடு என்றான்.

“நான் போகும்போதே ஏத்திட்டுப் போயிட்டாங்க,” என்று மண்டபத்தில் சொன்னேன். பணிஸ் ஒன்றும் மிஞ்சவில்லை. கூட்டத்தை நான் நடத்தினேன். பயத்தைப் பற்றி நன்றாகப் பேசினேனாம், கை தட்டினார்கள்.

ஆறு மைல் தூரத்துக்கு அட்டையைக் கொண்டுபோக எனக்கு இரண்டு நாள் எடுத்தது. திங்கள் பின்னேரம் லொட்ஜ் அறையில், தூதரகத்துக்கென்று எடுத்துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு தாய் தரையில் இருந்தாள். சுற்றிலும் பெட்டிகளைக் கொட்டித் தேடிய உடுப்புகள்.

“ஐசியைக் கொண்டு வந்தால்தான் பிள்ளையை விடுவினமாம், தம்பி. தேடாத இடமில்லை. எங்கை கிடந்தது?”

“கூட்டத்தில, அன்ரி.”

அட்டையை வாங்கிப் படத்தைத் துடைத்தாள். நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் கட்டிலில் கிடந்தது.

“உங்கட கூட்டத்தில பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ?”

“இல்ல, அன்ரி,” என்றேன். “நாங்க எல்லாரும் சின்னப் பிள்ளைங்க.”